ஆற்றில் ஓட்டிப் பழகிய ஸ்கூட்டி

"இந்த ஊர்ல பொழுது போறதுக்கு இன்னா அண்ணி இருக்குது?"

கேட்டது என் நாத்தனார். பெங்களூரில் வாழ்க்கைப்பட்டவள். தீபாவளி கழித்து ஒரு வாரம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மற்ற நாளெல்லாம் ஷூ கம்பெனியில் நின்ற இடத்திலேயே நின்று, தைத்து வரும் தோலில் நூல் பிசிறு பார்க்கிறவளுக்கு அந்த ஒரு நாள்தான் நாள். அந்த நாளில் என் வீட்டில் உட்கார்ந்து, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டு, என் ஊரைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"உங்க ஊர்ல இன்னா பண்ணுவீங்க?" என்றேன்.

"மாலுக்குப் போவோம். சும்மா ஒரு ரவுண்டு சுத்திட்டு வருவோம்."

"சும்மா சுத்துறதுக்கு மால் கட்டி வெச்சிருக்கானா? நாங்க மால் இல்லாமயே சுத்துவோம்."

வேலூரை ஒட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் புறநகர். புறநகர் என்று பேப்பரில்தான் போடுவார்கள், எங்களுக்கு அது ஏரியா. தியேட்டர் கிடையாது, பார்க் கிடையாது. மழை பெய்தால் ரோடும் கிடையாது. ஆனால் காசு செலவில்லாமல் பொழுதை ஓட்டுவதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதை அவளுக்கு ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன், வெங்காயக் கத்தியை ஆட்டி ஆட்டி.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தால் கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வரலாம். ஒரு தடவை கண்டக்டர் "இன்னாம்மா, எறங்கலையா?" என்று கேட்டார். "எறங்கி இன்னா பண்ணப் போறேன், சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். அவர் விசில் அடித்துவிட்டார். கோட்டைக்குப் போனால் அகழியோரமாக நடக்கலாம். வெயில் காலத்தில் நகைக்கடைக்குள் போய் ஆரம் விலை கேட்கலாம், உடம்பு குளிர்கிற வரைக்கும் ஏசி, போதாததற்குக் கூல்ட்ரிங்ஸ் வேறு. "வூட்ல கேட்டுட்டு வர்றோம்" என்று எழுந்து வந்துவிட வேண்டியதுதான். பெரிய ஆஸ்பத்திரி ரோட்டில் நின்றால் வங்காளி, ஒரியாக்காரர், பீகார்க்காரர் என்று இந்தியாவே நம் முன்னால் நடந்துபோகும். நோன்பு மாசத்தில் பள்ளிவாசலில் கஞ்சி. தூக்குவாளியை நீட்டினால் ஊற்றுவார்கள், நீ யார் என்று கேட்க மாட்டார்கள். சோளிங்கர் மலைக்கு ரோப் காரில் போனால்தான் டிக்கெட், படியேறினால் பெருமாளுக்கும் நமக்கும் நடுவில் யாரும் கிடையாது.

"எல்லாத்துக்கும் மேல ஆறு இருக்குது" என்றேன்.

"ஆத்துல தண்ணியே இல்லயே அண்ணி."

"தண்ணி இல்லாததாலதான் சொல்றேன்."

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பாலாறு என்று பேர்தான் ஆறு. கல்யாணமாகி நான் இந்த ஏரியாவுக்கு வந்த நாளிலிருந்து அதில் முழங்கால் அளவு தண்ணீரைப் பார்த்ததில்லை. மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போன பிறகு அடியில் கட்டாந்தரை தெரிந்தது. போன மணலுக்கு அழுதுகொண்டு உட்காரவா முடியும்? அந்தத் தரையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒரு பக்கம் கிரிக்கெட். ஒரு பக்கம் ஆடு மேயும். சர்க்கரை வந்தவர்கள் டாக்டர் சொன்னபடி வேர்க்க வேர்க்க நடப்பார்கள். தோல் லாரியும் ஷேர் ஆட்டோவும் இடித்துத் தள்ளுகிற ரோட்டில் நடந்தால் சர்க்கரைக்கு முன்னால் லாரி நம்மைக் கொண்டுபோய்விடும். ஆற்றில் அந்தப் பயம் இல்லை.

அப்புறம் ஸ்கூட்டி. எங்கள் ஏரியாப் பெண்கள் அத்தனை பேரும் ஸ்கூட்டி பழகியது ஆற்றுக்குள்தான், நானும்தான். விழுந்தால் மேலே ஏற லாரி கிடையாது. லைசென்ஸ் கேட்கப் போலீஸ் வராது. பார்த்துச் சிரிக்க ஆட்டைத் தவிர ஆள் இல்லை. உலகத்திலேயே வண்டி ஓட்ட ஆற்றில் இறங்குகிற ஜனங்கள் நாங்கள் மட்டும்தான் இருப்போம். அதில் எங்களுக்கு ஒரு பெருமையே இருந்தது.

அந்த வருஷம் பழகிக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டு பாபி, உருதில் அண்ணி என்று அர்த்தம். அறுபதைத் தொடப்போகிற வயசு, கனத்த உடம்பு, முழங்கால் வலி. அவருக்கு இந்த வயசில் ஸ்கூட்டி எதற்கு என்று ஏரியாவே கேட்டது. எதற்கென்று எனக்குத் தெரியும்.

பாபியின் வீட்டுக்காரர், நாங்கள் பாய் என்று கூப்பிடுகிறவர், லாரி டிரைவர். ஆம்பூரிலிருந்து சென்னைக்குத் தோல் லோடு அடித்தவர். அந்த மனுஷனுக்கு ஹார்ன் தனியாகத் தேவைப்பட்டதில்லை. தெருமுனையில் திரும்பும்போதே யாரைத் திட்டிக்கொண்டு வருகிறார் என்று எங்கள் அடுப்படிக்குக் கேட்கும். நான் ஸ்கூட்டி வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு, "பொம்பள வண்டி எடுத்தா ரோடுதாம்மா ஓரமா ஒதுங்கி நிக்கணும்" என்று என் மூஞ்சிக்கு நேராகவே சொன்னார். நானும் விடவில்லை, "ஒங்க லாரிக்கு ஒதுங்கின ரோடு எனக்கும் ஒதுங்கட்டும் பாய்" என்றேன்.

அந்த வருஷக் கோடையில் ஒரு காலை, தொழுகைக்கு எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஸ்ட்ரோக். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நேரத்தில் போய்விட்டது. உயிர் பிழைத்து வந்தார். ஆனால் அந்த வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கு, அங்கிருந்து சத்தமே வராதது காது அடைத்துப்போனது போல் இருந்தது. பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், விடாமல் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு வாங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெண்கள் இருவரையும் வாணியம்பாடியில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஆட்டோ. அவரைத் தூக்கி ஏற்றி இறக்க ஆட்டோக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஒருத்தன் பாதி வழியில் போனை எடுத்துக்கொண்டு, வேறு சவாரி இருக்கிறது என்று இறக்கியே விட்டுவிட்டான்.

அன்று சாயங்காலம் பாபி என் வீட்டுக்கு வந்து, மகள் விட்டுவிட்டுப் போன பழைய ஸ்கூட்டியின் சாவியை என் கையில் வைத்தார். "இன்னும் எத்தினி நாளும்மா ஆட்டோக்காரன் மூஞ்சயே பாக்குறது? நானே அவர கூட்டினு போறேன். கத்துக் குடு."

பாய் நாற்காலியில் உட்கார்ந்தபடி இதைப் பார்த்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கூடாது என்று சொல்ல அவரிடம் வாய் இல்லை.

கம்பெனி விட்டு வந்ததும் நானும் பாபியும் ஆற்றில் இறங்குவோம். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி என் இடுப்பு போச்சு. ஒரு மாதிரி ஓட்ட வந்துவிட்டது, ஆனால் இரண்டு சங்கடம். ஒன்று, வலது பக்கம் மட்டும்தான் திரும்புவார். நாங்கள் பழகிய இடத்தில் இடது கைப்பக்கம் மணல் அள்ளிய பள்ளமும் கருவேல முள்ளும் இருந்ததால் முதல் நாளிலிருந்து வலது பக்கமாகவே வட்டம் அடித்து, அதுவே பழகிவிட்டது. இடது என்றாலே கை விறைத்துவிடும். இரண்டாவது, பயம் வந்தால் போதும், ரெண்டு பிரேக்கையும் சேர்த்து உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்வார். பிரித்தெடுக்க ஆள் வேண்டும்.

"ரோட்ல லெஃப்ட்டு வந்தா இன்னா பண்ணுவீங்க பாபி?"

"ரைட்லயே சுத்தினு போயி சேந்துடுவேம்மா. அல்லா வழி வுடுவான்."

வியாழக்கிழமைகளில் அவரோடு தர்காவுக்கும் போய்வருவேன். அதுவும் செலவில்லாத இடம்தான். கம்பிச் சன்னலில் நூல் கட்டிவிட்டு, பாபி ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "ஒரு வார்த்த பேசிட்டா போதும்மா. திட்டுனாக்கூட போதும்."

இந்தக் கதையெல்லாம் நாத்தனாரிடம் சொல்லி முடிக்கிற நேரத்தில் தெருவில் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. நான்கு நாளாக மேற்கே மழை என்று எங்களுக்கும் தெரியும். ஆட்டோவில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே போனது. பாலாற்றில் வெள்ளம் வருகிறது, கரையோரப் பொதுமக்கள் யாரும் ஆற்றில் இறங்கவோ, குளிக்கவோ, துணி துவைக்கவோ, வேடிக்கை பார்க்கவோ வேண்டாம்.

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "குளிக்க வாணாமாம். அதுல கடைசியா குளிச்சவன் எங்க தாத்தா."

ஏரியாவில் யாரும் நம்பவில்லை. நம்பாதவர்கள் வீட்டில் இருக்க வேண்டியதுதானே? இல்லை. அத்தனை 'வேண்டாம்'களில் எங்கள் காதில் ஏறியது 'வேடிக்கை' மட்டும்தான். வெள்ளம் வருகிறது என்றால் மற்ற ஊரில் மேட்டைப் பார்த்து ஓடுவார்கள். நாங்கள் குடும்பம் குடும்பமாக ஆற்றுக்குள் ஓடினோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. படித்தவர்கள், படிக்காதவர்கள், மூட்டுவலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் போனோம். ஒருத்தருக்குக்கூட, ஒரே ஒருத்தருக்குக்கூட, இது ஆறு என்று தோன்றவில்லை. எங்களுக்கு அது மைதானம். மைதானத்துக்கு யாராவது பயப்படுவார்களா?

"பொழுதுபோக்கு இல்லன்னியே, வா" என்று நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு போனேன். சும்மா போகவில்லை. புதுத் தண்ணீரை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது என்று தட்டில் மஞ்சள், குங்குமம், பூ, வெற்றிலை, சூடம் எல்லாம் எடுத்துக்கொண்டேன். இன்னும் ஏழெட்டுப் பெண்கள் தட்டோடு வந்தார்கள். வரவேற்பு என்றால் அப்படி ஒரு வரவேற்பு. கரையில் வேர்க்கடலை வண்டி. ஒருத்தர் பிளாஸ்டிக் நாற்காலியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கரையிலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியாது என்று யாரோ சொல்ல, எல்லோரும் நடு ஆற்றில் இருக்கிற திட்டுக்குப் போனோம். பூஜை என்பதால் செருப்பைத் திட்டுக்குக் கீழேயே கழற்றி வரிசையாக விட்டோம். மேற்கே பார்த்து நின்றோம். தண்ணீர் மேற்கே ஆம்பூர்ப் பக்கமிருந்துதானே வர வேண்டும்? அந்தப் பக்கம் வானம் கருத்துக் கிடந்தது. தரையில் ஈரம்கூட இல்லை.

அப்போது பின்னால் ஸ்கூட்டி சத்தம். திரும்பிப் பார்த்தேன்.

பாபி. வழக்கம்போல இரண்டு காலையும் தரையில் உரசிக்கொண்டு வருகிறார். பின்னால், தலையில் வெள்ளைத் தொப்பியோடு, கட்டம் போட்ட லுங்கியோடு, பாய். அவரைப் பாபி தன் முதுகோடு சேர்த்துத் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டியிருந்தார். ஆற்றில் வட்டம் போடுவதற்குமேல் எதுவும் தெரியாத பொம்பளை, பாதி உடம்பு விழுந்த மனுஷனை முதுகில் கட்டிக்கொண்டு வெள்ளம் பார்க்க வந்துவிட்டது.

"உங்களுக்குப் பைத்தியமா பாபி?" என்று கத்தினேன்.

"நான் இன்னாம்மா பண்றது? மைக்கு சத்தம் கேட்டதுலேர்ந்து ஆத்தப் பாத்துக் கைய நீட்டினே இருக்காரு. சின்ன வயசுல இதுல நீச்சலடிச்சவரு. தண்ணி வந்துட்டா அப்புறம் எங்க நான் ஓட்டுறது, இன்னிக்கே அவருக்கு ஓட்டிக் காட்டிடலாம்னு வந்தேன்."

கூட்டத்துக்குள் நிறுத்தப் பயந்து, எங்களைத் தாண்டிப் போய்க் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தினார். பாய் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஸ்ட்ரோக் வந்த பிறகு நான் பார்க்காத ஒரு ஆசை தெரிந்தது. சரி, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சூடத்தைக் கொளுத்தப் போனேன். காற்றில் தீக்குச்சி நிற்கவில்லை.

"அண்ணி" என்றாள் நாத்தனார். "என் செருப்பு போவுது."

எங்கே போகிறது என்று எரிச்சலோடு திரும்பினேன். போய்க்கொண்டுதான் இருந்தது. பெங்களூரில் வாங்கிய ஹீல்ஸ் செருப்பு, அதன் பக்கத்தில் என் ரப்பர் செருப்பு, அதற்குப் பின்னால் ஏரியாவின் மொத்தச் செருப்பும் ஊர்வலம் மாதிரி மெதுவாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

தண்ணீர் எங்களுக்கு முன்னால் வரவில்லை. பின்னால் வந்துவிட்டது. நாங்கள் மேட்டில் நின்றுகொண்டு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தோம், அது கரையோரமாக மணல் அள்ளிய பள்ளத்தில் இறங்கி, சத்தமே இல்லாமல், எங்களுக்கும் கரைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. செம்மண் நிறம். மேலே பஞ்சு பஞ்சாக நுரை. தெர்மாகோல், பாட்டில், வெட்டி எறிந்த ஷூ அடிப்பாகத் துண்டுகள். அதில் ஒன்று எங்கள் கம்பெனி வெட்டு. ஆறு நாளும் பார்க்கிற கண்ணுக்கு அந்த நேரத்திலும் அது தெரிந்தது.

ஆற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து வாயடைத்துப்போன ஜனங்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. அப்புறம் ஓடினோம். முதலில் கணுக்கால். பெண்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடிதான் இறங்கினார்கள். பாதியில் கெண்டைக்கால் வந்தது, இழுக்கவும் ஆரம்பித்தது, சிரிப்பு நின்றது. குழந்தைகளைத் தோளில் ஏற்றினார்கள். பிளாஸ்டிக் நாற்காலி தன்பாட்டுக்குப் போனது. என் வீட்டுக்காரர் ஒரு கையில் நாத்தனாரையும் மறு கையில் என்னையும் பிடித்து இழுத்தார். மணல் ட்ராக்டர் ஏறி இறங்குகிற சரிவு ஒன்று கரையில் உண்டு, அதன் அடியில் வந்து சேர்ந்தோம். எல்லோரும் வந்துவிட்டார்கள்.

எல்லோரும் இல்லை. பாபி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

நடக்க முடிந்தவர்கள் ஓடிவந்துவிட்டோம். பாயால் நடக்க முடியாது. முடிச்சை அவிழ்த்து அவரைத் தூக்கிக்கொண்டு வர ஒரு ஆள் பத்தாது, யாரும் அதை நினைத்துப் பார்க்கவும் இல்லை. அந்த அவமானம் எனக்கு இன்னும் போகவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பாபி அந்த மனுஷனைக் கரை சேர்க்க வேண்டுமானால் ஒரே வழி, ஓட்ட வேண்டும்.

வண்டி மேற்கே பார்த்து நின்றது. கரைக்கு ஏறுகிற சரிவு அவருக்கு இடது பக்கம்.

"லெஃப்ட்டு" என்று கரை முழுக்கக் கத்தியது. "லெஃப்ட்டுல ஒடிங்க பாபி."

பாபி வண்டியைக் கிளப்பினார். வலது பக்கம் திருப்பினார். எங்களை விட்டு விலகி, நடு ஆற்றைப் பார்த்துப் போனார்.

பக்கத்தில் ஒரு அம்மா "ஐயோ, போச்சு" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அந்த வலது பக்கம் நான் பழக்கியது. முள்ளைக் காரணம் சொல்லி ஒரு நாள்கூட இடம் மாற்றிப் பழக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் முதலில் புரிந்துகொண்டார். "இருங்க, சுத்தினு வர்றாங்க" என்றார்.

சுற்றித்தான் வந்தார். தினமும் போடுகிற அதே வட்டம். கட்டாந்தரையில் மெல்லிசாகத் தண்ணீர் பரவியிருந்தது, சக்கரம் இரண்டு பக்கமும் அதை வாரி இறைத்தது. திட்டைச் சுற்றி, கிழக்கே வந்து, திரும்பி, நேராக எங்களைப் பார்த்து வந்தார். புர்கா காற்றில் உப்பியிருந்தது. தோளுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி. நாங்கள் கடந்து வந்த அந்தப் பள்ளம் மட்டும்தான் பாக்கி. முன்சக்கரம் இறங்கியது. பாதிச் சக்கரம் மறைந்தது. பாபி குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

பார்த்திருக்கக் கூடாது. இரண்டு பிரேக்கும் விழுந்தது.

வண்டி உறுமிக்கொண்டு நடுப்பள்ளத்தில் நின்றது. பாபியின் கை விரல் வெளுத்துப்போனது எனக்குத் தெரிகிறது, அவ்வளவு பக்கம். கரையிலிருந்து ஆளுக்கு ஒன்று கத்தினார்கள். எறங்குங்க, எறங்காதீங்க, தள்ளுங்க, ஆஃப் பண்ணுங்க. பாபி யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். நான் தட்டோடு தண்ணீரில் இறங்கினேன், தட்டைக் கீழே போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நான்கடி வைத்தேன், தண்ணீர் முழங்காலைத் தள்ளியது. வீட்டுக்காரர் பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

"பேவக்கூஃப், பிரேக் சோட்."

முட்டாளே, பிரேக்கை விடு. ஒரு பக்கம் இழுத்த வாயிலிருந்து, கரடுமுரடாக, ஓட்டைச் சைலன்ஸர் மாதிரி வந்தது. ஆனால் எனக்கு அந்தக் குரலைத் தெரியும். தெருமுனையிலிருந்து எங்கள் அடுப்படி வரைக்கும் எட்டுகிற அதே குரல்.

பாபி பிரேக்கை விட்டார். பயம் தெளிந்து விட்டாரா, அதிர்ச்சியில் கை தானாக விட்டதா, இல்லை இத்தனை வருஷம் அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்த பழக்கமா, எனக்குத் தெரியாது.

"ரேஸ் தே" என்றது குரல்.

கொடுத்தார். ஸ்கூட்டி ஒரு குதி குதித்தது. பள்ளத்தை விட்டு எழுந்து, எங்களைக் கடந்து, சரிவில் ஏறி, வேர்க்கடலைக்காரர் வண்டியோடு ஓரமாக ஓட, மேலே குப்பைமேட்டில் முட்டித்தான் நின்றது. அங்கேயும் பாய் முதுகில் கட்டியபடியேதான் இருந்தார்.

நான் சேறும் தண்ணீருமாக ஏறிப்போனபோது பாபி வண்டியிலிருந்து இறங்கியிருக்கவில்லை. கழுத்தை மட்டும் திருப்பி, உருதும் தமிழுமாக, என்ன சொன்னீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். "க்யா போலே? இன்னொரு வாட்டி சொல்லுங்க. க்யா போலே?" பாயின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாயை எப்படியெப்படியோ கோணி, கஷ்டப்பட்டு, மறுபடி சொன்னார். "பேவக்கூஃப்."

பாபி ஓவென்று அழுதார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்த வார்த்தைக்கு ஒரு பெண் அப்படி அழுததை நான் பார்த்ததில்லை. நானும் குப்பைமேட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். தட்டு இன்னும் என் கையிலேயே இருந்தது. பூ போய்விட்டது, வெற்றிலை போய்விட்டது, நனைந்த சூடம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தபோது திட்டைக் காணோம். நாங்கள் நின்ற இடம், செருப்பு விட்ட இடம், கிரிக்கெட் ஆடுகிற இடம், பாபி வட்டம் போட்ட இடம் எல்லாம் ஒரே தண்ணீர், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும். கொஞ்சம் முன்னால் அங்கே நாங்கள் கடலை தின்றுகொண்டிருந்தோம். யாரும் அதை வரவேற்கவில்லை. ஒருத்தரும் சூடம் காட்டவில்லை. பார்த்துக்கொண்டு நின்றோம், ஆற்றை முதல் தடவையாக ஆறு என்று நினைத்து.

நாத்தனார் அத்தனையும் போனில் எடுத்ததாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் என் முதுகும் வானமும்தான் இருந்தது. என் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டுதான் பெங்களூருக்குப் பஸ் ஏறினாள். "இனிமே ஒங்க ஊர்ல பொழுது போறதப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன் அண்ணி" என்றாள்.

தண்ணீர் வடிய நாளானது. வடிந்த பிறகும் தரை சகதியாகக் கிடந்தது, ஸ்கூட்டி இறங்க முடியாது. பாபிக்கு இடது பக்கத்தை ரோட்டிலேயே பழக்கினேன், காலையில் லாரிகள் கிளம்புவதற்கு முன்னால். இந்தத் தடவை வாத்தியார் நான் மட்டும் இல்லை. பின்சீட்டில் ஒருத்தர் இருந்தார். பேச்சு ஒரேயடியாகத் திரும்பிவிடவில்லை. முதலில் 'பேவக்கூஃப்'. அப்புறம் பிரேக், ரேஸ், ஹார்ன். சாப்பாடு, தண்ணீர், மகள்கள் பேர் எல்லாம் அதற்கப்புறம்தான் வந்தது. டாக்டரே இதைக் கேட்டுச் சிரித்தாராம்.

போன மாசம் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு டவுனுக்குப் போனேன். சிகப்பு விழுந்து சிக்னலில் நிற்கிறேன், பக்கத்தில் வந்து நின்றது பாபியின் ஸ்கூட்டி. பயிற்சிக்குப் போகிறார்கள். துப்பட்டாக் கட்டு இப்போது இல்லை, பாய் இடது கையால் கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பாபிக்கு என்னைப் பார்த்துத் தலையாட்டக்கூட நேரம் இல்லை. பின்னாலிருந்து நிற்காமல் வந்துகொண்டிருந்தது. இண்டிகேட்டர் போடு. கோட்டைத் தாண்டி நிக்கிற. அவன் ஏன் இவ்ளோ ஒட்டி நிக்கிறான், ஹார்ன் அடி. கண்ணாடியப் பாரு, கண்ணாடி எதுக்கு வெச்சிருக்கான்.

பாபி சட்டென்று தலையைத் திருப்பினார். "கொஞ்ச நேரம் பேசாம வர்றீங்களா?"

சொன்னபிறகுதான் அவருக்கு உறைத்தது. தர்காச் சன்னலில் கட்டிய நூல் அத்தனையும் அந்த முகத்தில் வந்து போனதை நான் பார்த்தேன். கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

பச்சை விழுந்தது. பாபி அசையவில்லை. பின்னால் நின்ற வண்டியெல்லாம் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தது.

"பிரேக் சோட்" என்றார் பாய்.